நான்கு அடுப்பும் ஐந்து வட்டமும்

போன மாதம் ஒரு பெண் என்னைத் தேடி பிடோக் வீட்டுக்கு வந்தாள். மூன்று மணிக்கு வருகிறேன் என்றவள் மூன்று ஏழுக்கு வந்தாள். அந்த ஏழு நிமிடத்தில் நான் இரண்டு முறை கதவைத் திறந்து நடைபாதையை எட்டிப் பார்த்துவிட்டேன். பெயர் ஷர்மிளா. வசதி குறைந்த குடும்பங்களுக்குப் படிப்புதவி தரும் ஓர் அமைப்பில் வேலை செய்கிறாள். முன்னே இந்த வேலை பார்த்தவர்கள் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று விசாரித்ததில் என் பெயர் கிடைத்ததாம்.

"இப்போ எங்களுக்கு எல்லாமே ஆன்லைன் லா, அங்கிள். சம்பள ஸ்லிப்பை அப்லோட் பண்ணா சிஸ்டமே கணக்குப் போட்டுடும். உங்க காலத்துல எப்படி முடிவு பண்ணீங்க?"

"அடுப்பை எண்ணினோம்" என்றேன்.

சிரித்தாள். பிறகு நான் சிரிக்கவில்லை என்று கண்டு, சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டாள். நாற்பது நிமிடம் பேசினோம். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்று கேட்டாள். அதற்கு நான் சொன்ன பதில்தான் ஒரு மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

எங்கள் அறக்கட்டளை சிராங்கூன் ரோட்டில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. ஏறுவதற்கு இருபத்து மூன்று படிகள், பதினான்காவது படி ஆடும். துணி வியாபாரத்தில் பொருள் சேர்த்து, ஜப்பான் சண்டைக்கு முன்பே காலமாகிவிட்ட ஒருவரின் உயிலின்படி அது நடந்தது. அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். ஆகவே உயிலும் தமிழில், எங்கள் படிவங்களும் தமிழில். உயிலில் இரண்டு விதிகள். ஒன்று: ஒரு அடுப்புக்கு ஒரு பிள்ளை. இரண்டு: எந்தப் பள்ளி என்பதைப் பெற்றவர்களே சொல்ல வேண்டும், சொல்லும்போது யாரும் குறுக்கே வாய் கொடுக்கக் கூடாது.

நான் சீனியர் கேம்பிரிட்ஜ் முடித்து, இரண்டு அலுவலகங்களில் வேலை கேட்டுக் கிடைக்காமல், ஐம்பதுகளின் தொடக்கத்தில் அங்கே வீட்டு விசாரணைக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். விண்ணப்பம் போட்ட வீடுகளுக்குப் போய்ப் பார்த்து எழுதுவது என் வேலை. சைக்கிள் அவர்கள் தந்தது, குடை என்னுடையது.

வெளியூர் ஆட்களுக்கு அடுப்பு விஷயம் புரியாது. சிங்கப்பூரில் அந்தக் காலத்துக் கடைவீடுகளின் மாடியைப் பலகை வைத்துத் தடுத்து, அறைக்கு ஒரு குடும்பமாக ஐந்து ஆறு குடும்பங்கள் இருப்பார்கள். பின்பக்கம் பொதுவான ஒரு சமையல் இடம். அங்கே நீளமான சிமெண்டு மேடை. அதன் மேல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மண் கரியடுப்பு. யார் யாருக்கு அண்ணன், யார் யாரோடு சேர்ந்து இருக்கிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அடுப்பு எத்தனையோ அத்தனை குடும்பம். உயில் எழுதிய பெரியவர் அப்படிப்பட்ட மாடியில் வாழ்ந்துதான் மேலே வந்தவர். தெரிந்தே எழுதியிருக்கிறார்.

இரண்டாவது விதிதான் எனக்குச் சிரமம். "எந்தப் பள்ளிக்கூடம் நல்லது, கிராணி சார்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க" என்று கேட்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் சொல்லும் காரணங்களை என் சொந்த நோட்டில் எழுதி வைத்தேன். பள்ளிக்கூடத்துக் காவலாளி நம்ம ஊர்க்காரர் என்பதற்காக ஒருவர். சுவர் உயரமாக இருக்கிறது, பையன் குதித்து ஓட மாட்டான் என்பதற்காக மூன்று பேர். முதலாளியின் மகன் அங்கே படிக்கிறான் என்பதற்காகப் பதினொரு பேர். முதலாளியின் மகன் அங்கே படிக்கிறான், ஆகவே அது வேண்டாம் என்று ஒரே ஒருவர். அவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

செயலாளர் மார்க்கண்டு யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு, கோட்டுப் பையில் மூன்று பென்சில்கள். மூன்றும் ஒரே நீளத்தில் இருக்கும். ஒன்று தேய்ந்தால் மற்ற இரண்டையும் சீவி அதற்குச் சமமாக்குவார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று தோன்றும்.

சேர்ந்த இரண்டாம் வருடம் டன்லப் ஸ்திரீட்டில் கோவிந்தன் என்று ஒருவர். அவர் வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஏற்கனவே உதவி போய்க்கொண்டிருந்தது. தம்பி தனிக் குடித்தனம் போய்விட்டான், அவன் பிள்ளைக்கும் வேண்டும் என்று விண்ணப்பம். போனேன். மேடையில் இரண்டு அடுப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தம்பி மனைவி அழுதாள். படிவத்தின் அடியில் 'கூடுதல் குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில், 'இரு குடும்பங்களும் மிகுந்த வறுமையில் உள்ளன, இரக்கம் காட்ட வேண்டுகிறேன்' என்று எழுதிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

மார்க்கண்டு அதை இரண்டு தரம் வாசித்தார். மறுநாள் காலை என்னோடு தானே வந்தார். இரண்டாவது அடுப்பைத் தூக்கினார். அடியில் சிமெண்டு பச்சையாகப் பாசி பிடித்திருந்தது.

"அடுப்பு வந்திருக்கு" என்றார். "நெருப்பு வரேல்லை."

"புது அடுப்புங்க ஐயா" என்றார் கோவிந்தன்.

"அப்ப நேற்றைக்குச் சோறு எங்கை வெந்தது?"

கோவிந்தன் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா வந்து, சமையலுக்கு நேரமாகிறது, என் அடுப்பைத் திருப்பிக் கொடு என்று மலாயில் கேட்டார்.

மார்க்கண்டு சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு மற்ற அடுப்பையும் தூக்கிக் காட்டினார். அடியில் தட்டுப் போல ஒரு கறுத்த வட்டம், சாம்பலும் எண்ணெயும் ஊறி இறுகியது. "விரலாலை தொட்டுப் பாரும். இந்த வட்டம் ஒரு நாளிலை வராது, ஒரு நாளிலை போகாது. ஆக்கள் சொல்லுறதைக் கேளாதையும். இதைக் கேளும்."

அன்றிலிருந்து எந்த வீட்டிலும் அடுப்பைத் தூக்கி வட்டத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் எழுதினேன். ஆனால் அத்தோடு முடியவில்லை. அந்த மாதக் கமிட்டியில் ஐந்து அறங்காவலர்கள் முன்னால் என் குறிப்பை என்னையே எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார். 'இரக்கம்' என்ற இடத்தில் ஒருவர் சிரித்தார், இன்னும் இருவர் சேர்ந்துகொண்டார்கள். வெளியே வந்ததும் மார்க்கண்டு சொன்னார்: "அந்தக் கட்டம் உமக்கில்லை. நீர் எண்ணினால் போதும், காணும்."

அதன் பிறகு அந்தக் கட்டத்தை நான் காலியாகவே விட்டேன்.

ஐம்பதுகளின் பிற்பாதியில் ஒரு டிசம்பர். கமிட்டி கூடுவதற்கு மூன்று நாள்தான் இருந்தது, இன்னும் பதினாறு வீடுகள் பார்க்க வேண்டும், நல்ல மழை. பஃபலோ ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் கடைவீட்டு மாடி. விண்ணப்பம் போட்டவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளி. தன் மூத்த மகள் கமலாவுக்காகப் போட்டிருந்தார். எட்டரை வயது. அவர் கையெழுத்தில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நின்றது. அந்தப் படிவத்தில் போடுவதற்காகவே, அக்கம்பக்கத்தில் தமிழ் எழுத்துப் பழகியிருந்த மகளிடம் கற்றுக்கொண்டாராம். அது எனக்குப் பின்னால் தெரிந்தது. பள்ளி என்ற இடத்தில் ஓர் ஆங்கிலக் கான்வென்ட்டின் பெயர். வயது கூடிவிட்டது, வருகிற ஜனவரியை விட்டால் சேர்க்க முடியாது என்று அந்தப் பள்ளி எழுதிக் கொடுத்த தாளும் இணைத்திருந்தது.

நான் போனபோது அவர் இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கப்பலில் கயிறு அறுந்து மூட்டை மேலே விழுந்திருக்கிறது.

மனைவி அஞ்சலை அறையின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மடியில் சில மாதக் கைக்குழந்தை, அதுவும் பெண். பேசவில்லை. துக்கத்தில் இருக்கும் பெண் வெளி ஆளிடம் பேசும் வழக்கமும் இல்லை. இறந்தவரின் அண்ணன் மாணிக்கம் லோரி ஓட்டுபவர், அடுத்த அறையில் குடும்பத்தோடு இருந்தார். அவர் மகனுக்கு முந்தின வருடமே எங்கள் உதவி கிடைத்திருந்தது. அவர்தான் என்னிடம் பேசினார்.

"எதுக்கு இந்தப் பள்ளின்னு எழுதினாங்க?" என்று படிவத்தின்படி கேட்டேன்.

"அஞ்சலைதான் அந்தப் பள்ளிக்கூடம் வேணும்னு நின்னுச்சு சார். புள்ளையக் கூட்டிக்கிட்டு மூணு தடவ நடந்தே போய்ப் பார்த்துட்டு வந்துச்சு. இருபத்தஞ்சு நிமிஷமாம். பஸ் காசு கேக்க வேணாம், நடந்தே போயிடும்னு உங்ககிட்ட சொல்லச் சொல்லுச்சு."

சமையல் மேடைக்குப் போனேன். மழைச்சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நான்கு அடுப்புகள். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன், நான்கின் அடியிலும் வட்டம் இருந்தது. நான்காவதற்கு அப்பால் சுவரோரம் ஐந்தாவதாக ஒரு வட்டம். அதன் மேல் அடுப்பு இல்லை. ஆள்காட்டி விரலால் தொட்டேன். சாம்பல் ஒட்டிக்கொண்டது.

நானும் தமிழன்தான். எனக்குத் தெரியாதா? சில குடும்பங்களில் சாவு விழுந்தால் பழைய மண் அடுப்பை எடுத்துப் போட்டுவிடுவார்கள். பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை அந்த வீட்டில் உலை வைக்க மாட்டார்கள், பங்காளி வீட்டுச் சோறுதான். அது முடிந்ததும் புது அடுப்பு வாங்கி வைப்பார்கள். தொட்ட அந்த நொடியிலேயே எல்லாம் புரிந்துவிட்டது.

ஆனாலும் மாணிக்கத்திடம் கேட்டேன். "அடுப்பு எத்தனைங்க? உங்க தம்பி குடும்பம் தனியா, சேர்ந்தா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன சார் கேள்வி இது? என் தம்பி போனப்புறம் தனி என்ன, சேந்தது என்ன? இனிமே எல்லாம் ஒரே உலைதான். என் புள்ள வேற, அவன் புள்ள வேறயா?"

துக்கத்தில் ஒரு அண்ணன் சொல்ல வேண்டியதைத்தான் அவர் சொன்னார். உயிலின் விதிப்படி அது என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

விரலைக் கைக்குட்டையில் துடைத்தேன். 'அடுப்பு: நான்கு. இறந்தவரின் குடும்பம் அண்ணன் அடுப்பில் உண்கிறது' என்று எழுதினேன். பேனா கூடுதல் குறிப்புக் கட்டத்துக்கு வந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. டன்லப் ஸ்திரீட் நினைவு வந்தது, சிரித்த மூன்று பேர் நினைவு வந்தது. பதினாறாம் நாளுக்குப் பிறகு இன்னொரு முறை வந்து பார்த்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கமிட்டி மூன்றாம் நாள் என்பது அப்போதும் எனக்குத் தெரியும். எழுதாமல் தாளை மடித்தேன்.

கமிட்டிக்கு முன் மார்க்கண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். அந்தத் தாளில் பென்சில் நின்றது.

"சாவு வீடு. தொட்டுப் பார்த்தீரோ?"

"பார்த்தேன் ஐயா."

"நீர் தொட்டுப் பார்த்தீர் எண்டால் சரி" என்று சொல்லி அடுத்த தாளை எடுத்தார்.

அவர் என்னைக் கேட்ட கேள்வி ஒன்றுதான். அதற்கு நான் உண்மையான பதிலையே சொன்னேன். 'வட்டம் எத்தனை' என்று அவர் கேட்டிருந்தால் ஐந்து என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடிதங்களைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவதும் என் வேலை. டிசம்பர் கடைசியில் போனேன். கருமாதி முடிந்திருந்தது. அஞ்சலை வெள்ளைச் சேலையில் சமையல் மேடை அருகே நின்றார். 'ஒரே அடுப்பைச் சேர்ந்த பிள்ளை ஒருவருக்கு ஏற்கனவே உதவி வழங்கப்படுவதால்' என்று தொடங்கி நான்கு வரிகள். படித்தேன். அவர் கேட்டுவிட்டு மேடையைத் திரும்பிப் பார்த்தார். சுவரோரத்து வட்டத்தின் மேல் புது அடுப்பு, மண்ணின் சிவப்பு மாறாமல் இருந்தது. அதில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"என் அடுப்பு இந்தா இருக்கே சார்."

"கமிட்டி முடிவும்மா."

"திரும்ப ஒரு தடவ கேக்க முடியாதா?"

"ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான்."

கதவோரம் கமலா நின்றிருந்தாள். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை. கடிதத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மறுநாள் காலை மார்க்கண்டுவின் அறை வாசலில் போய் நின்றேன். நின்றேன் என்று இப்போது எழுதுவதற்குக்கூட வெட்கமாக இருக்கிறது. பென்சில் சீவிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி, "என்ன காணும்?" என்றார்.

"ஒன்றுமில்லை ஐயா" என்று திரும்பிவிட்டேன். மேசையில் அடுத்த மாத வீடுகள் இருபத்தெட்டு காத்திருந்தன.

ஏழு வருடம் கழிந்தது. மார்க்கண்டு ஊருக்குப் போய் அங்கேயே காலமானார். பென்சில்களில் ஒன்று என்னிடம் இருக்கிறது. கடைவீடுகளிலிருந்து ஆட்கள் அடுக்குமாடிகளுக்குப் போகத் தொடங்கினார்கள். வீட்டுக்கு ஒரு சமையலறை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு என்று ஆகிவிட்டது. உயில் மாறவில்லை என்பதால் நான் தொடர்ந்து எண்ணினேன். எங்கே போனாலும் ஒன்றுதான்.

குவீன்ஸ்டவுனில் நான்காவது மாடி ஒன்றிலிருந்து விண்ணப்பம் வந்தது. தாயின் பெயர் அஞ்சலை. பிள்ளை அன்று மடியில் இருந்த கைக்குழந்தை. பள்ளி, அதே கான்வென்ட். குவீன்ஸ்டவுனிலிருந்து அது நடக்கிற தூரமே இல்லை. வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். விசாரணைக்கு நான் ஒருவன்தான் இருந்தேன்.

அஞ்சலை என்னை அடையாளம் கண்டுகொண்டார். தலை பாதி நரைத்திருந்தது. மருத்துவமனை ஒன்றில் துணி துவைக்கும் வேலை. உட்காரச் சொல்லி, சமையலறையைக் காட்டினார்.

"எண்ணிக்கிடுங்க சார். ஒண்ணே ஒண்ணு. பக்கத்துல யாரும் இல்ல."

"மாணிக்கம் எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டது.

அவர் முகம் மாறியது. "அவர்கூடப் பேச்சு விட்டு ஏழு வருஷமாச்சு. ஒரே உலைன்னு அன்னைக்கு உங்ககிட்ட சொன்னாரே, அந்த வாயாலதான எம்புள்ள படிப்புப் போச்சு. தன் மகனுக்கு இருக்கறது போதும்னு நெனச்சுட்டாரு. அவரு வந்து கால்ல விழாத குறையா அழுதாரு, நான் கேக்கல." கொஞ்சம் நிறுத்தி, "என் தப்பும்தான். துக்கமாவது ஒண்ணாவது, அன்னைக்கு நான் எந்திரிச்சு வந்து வாயத் திறந்து சொல்லியிருக்கணும்" என்றார்.

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அம்மா, மாணிக்கம் மேல் தப்பில்லை, உங்கள் மேலும் இல்லை, என்று ஆரம்பித்தால் போதும். படிவத்தில் ஒரு கட்டத்துக்கு இரண்டு முறை மை தடவினேன். சொல்லவில்லை.

தேநீர் கொண்டுவந்தவள் கமலா. பதினைந்து, பதினாறு வயதிருக்கும். சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறாள் என்று தாய் சொன்னார். நாள் ஒன்றுக்கு எத்தனை என்று கேட்டேன். என் வாய் அப்படிப்பட்டது. நூற்று இருபது என்றாள். தங்கையின் பள்ளிப் பெயரைப் படிவத்தில் சரிபார்க்கச் சொன்னபோது, தங்கையிடம் தாளைக் கொடுத்து, "நீ வாசி" என்றாள். ஆங்கில எழுத்துகளைத் தங்கை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கமலா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வெளியே வந்து சப்பாத்து மாட்டும்போது கமலாவும் வந்தாள். கதவைப் பாதி சாத்தினாள்.

"அன்னைக்கு நான் மாடிப் படிக்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "சுவரோரம் எங்க அடுப்பு இருந்த எடத்த நீங்க விரலால தொட்டீங்க. அப்புறம் கைக்குட்டையில தொடச்சீங்க."

நான் நாடாவை முடிந்துகொண்டிருந்தேன்.

"அம்மாகிட்ட சொல்லல. பெரியப்பாவப் பத்தி அம்மா பேசும்போதெல்லாம் சொல்லிடலாம்னு வரும். சொன்னா அம்மா அப்புறம் எப்படி உங்களக் கும்பிட்டு இந்தப் படிவத்தக் கொண்டாந்து குடுக்கும்? அதான் சொல்லல." குரலை உயர்த்தவேயில்லை. "தங்கச்சிக்குப் பார்த்தத எழுதுங்க சார். அது போதும்."

அலுவலகத்துக்கு வந்து கூடுதல் குறிப்புக் கட்டத்தில் டன்லப் ஸ்திரீட்டுக்குப் பிறகு முதல் முறையாக, பார்த்ததை எழுதினேன். தங்கைக்கு உதவி கிடைத்தது. பள்ளிப் படிப்பை முடித்தாள் என்றும் பின்னால் கேள்விப்பட்டேன். அஞ்சலையும் மாணிக்கமும் சேர்ந்தார்களா என்று விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் நான் போக வேண்டியிருக்கும். சில வருடங்களில் அறக்கட்டளையை மூடினார்கள். பழைய தாள்களைக் கட்டும்போது அந்த டிசம்பர்த் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். குறிப்புக் கட்டம் வெள்ளையாக இருந்தது. 'சாவு காரணமாக ஓர் அடுப்பு எடுக்கப்பட்டுள்ளது.' ஐந்து சொற்கள். அந்தக் கட்டத்தில் இருபது சொற்களுக்கு இடம் இருந்தது.

ஷர்மிளா செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டது இதுதான்: "உங்க கணக்கு எப்பவாவது தப்பாப் போனதுண்டா, அங்கிள்?"

இல்லை என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு மின்தூக்கிக்குப் போய்விட்டாள். நான் பொய் சொல்லவில்லை. அன்று அந்த மேடையில் நான்கு அடுப்புகள்தான் இருந்தன.